கம்பியும் அலையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, வெவ்வேறு ஆட்கள் எழுதியிருந்தாலும், ஒரே விஷயத்தைத் தொடுகின்றன: பல ஆன்டெனாக்களை ஒன்றாக நிறுத்தி ஒரே ஆன்டெனாபோல வேலை வாங்குவது. முப்பது ஆண்டுகளுக்குமேல் கோபுரம் ஏறியவன் நான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான் என்பதால் மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் டிஜிட்டல் டிவி படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடுகிறது. இரண்டு ஏரியல் மாட்டினால் சரியாகும் என்றார்கள். மாட்டினோம். முன்பு வந்த அலைவரிசைகளும் போய்விட்டன. படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.
(இல்லத்தரசி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, நீங்கள் வரைந்த படம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் நேரில் வரத் தேவையில்லாமல் போயிற்று. ஒரு ஏரியல் ஈப்போ பக்கம் பார்க்கிறது, மற்றது கோலகங்சார் பக்கம் பார்க்கிறது. ஒன்றின் கேபிள் நேராக இறங்குகிறது. மற்றது தகரக் கூரையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. குற்றம் இந்த இரண்டில்தான். ஏரியல்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஓர் ஊஞ்சலை இருவர் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சரியான நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். ஒருவர் தள்ளும்போது மற்றவர் எதிர்த்துத் தள்ளினால், இருவருக்கும் எவ்வளவு பலம் இருந்தாலும் ஊஞ்சல் நின்றுவிடும். அலையும் அப்படித்தான். மலேசியாவில் 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு பழைய அனலாக் ஒளிபரப்பு முழுவதும் நின்றது. இப்போது வருகிற டிஜிட்டல் ஒளிபரப்பு 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் இருக்கிறது. நடுவில் 600 என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும்: அரை மீட்டர். அதில் பாதி 25 சென்டிமீட்டர். கேபிளுக்குள் அலை காற்றில் போவதைவிட மெதுவாகப் போகும். வீட்டு டிவிக்குப் போடும் கேபிளில் அந்தப் பாதி அலை ஏறத்தாழ 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதாவது ஒரு சாண்! இரண்டு கேபிளும் ஒரு சாண் வித்தியாசப்பட்டால் ஒன்று தருவதை மற்றது அழித்துவிடும். உங்கள் கூரையைச் சுற்றும் கேபிள் எத்தனை சாண் கூடுதல் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் ஓர் ஏரியலைக் கழற்றிவிட்டு, மற்றதை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்திப் பாருங்கள். பாதி வீடுகளில் அதுவே போதும். போதவில்லையென்றால் இரண்டையும் மாட்டலாம். ஆனால் இரண்டும் ஒரே தயாரிப்பாக, ஒரே உயரத்தில், ஒரே திசை பார்த்து, பக்கவாட்டில் அரை மீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும். கேபிள்கள் ஒரே வகையாகவும் சென்டிமீட்டர் பிசகாத ஒரே நீளமாகவும் இருந்து, ஓர் இணைப்பியில் சேர வேண்டும். கூடுதலாகக் கிடைப்பது அதிகபட்சம் இரண்டு மடங்கு ஆற்றல், அதாவது 3 டெசிபெல். அதிலும் கொஞ்சம் இணைப்பியில் போய்விடும்.

இன்னொன்றும் கிடைக்கிறது, அதுதான் எனக்கு இந்த வேலையிலேயே அழகானது. அரை மீட்டர் இடைவெளியில் நேர் முன்னாலிருந்து வரும் அலை இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும். 30 பாகை பக்கவாட்டிலிருந்து வரும் அலை ஓர் ஏரியலைத் தொட்டபின் 25 சென்டிமீட்டர் தாண்டித்தான் மற்றதைத் தொடும். பாதி அலை, எதிரெதிர் தள்ளல், அந்தத் திசை கேட்கவே கேட்காது. நம் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் அலை தொந்தரவு தந்தால், அது வரும் கோணத்தைக் கண்டுபிடித்து, இடைவெளியை மாற்றி, அந்தக் குன்றை மட்டும் கேளாத திசையில் வைத்துவிடலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலையுச்சியில் இரண்டு ஏரியல்கள் கட்டினோம். இடைவெளி சரி, கேபிள் சரி. ஊர் இருந்த நேர்த்திசையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. நாள் முழுவதும் தேடினோம். கேபிளின் நடுக்கம்பி ஒன்றில் இடப்பக்கக் கையிலும் மற்றதில் வலப்பக்கக் கையிலும் இணைந்திருந்தது. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பியதும் ஊரே பேசியது. உங்கள் வீட்டில் இதையும் பார்த்துவிடுங்கள் அம்மா.

கேள்வி: செம்பனைக்கு நடுவே நிற்கும் தொலைபேசிக் கோபுரத்தில் நீளமான ஒல்லிப் பெட்டிகள் இருந்தன. இப்போது சதுரமான பெட்டிகளும் ஏறியிருக்கின்றன. வித்தியாசம் என்ன?
(லாரி ஓட்டுநர், தெலுக் இந்தான்)

பதில்: ஒல்லிப் பெட்டிக்குள் சிறு சிறு ஆன்டெனாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நிரையில் நிற்கின்றன. என் அப்பா பால்மரம் வெட்டியவர். அவர் வெட்டுவதற்குக் கொடுத்த மர வரிசைக்கு நிரை என்று பெயர். அந்தச் சொல்தான் இதற்கும் பொருந்துகிறது. எந்தப் பக்கம் நிரை நீள்கிறதோ அந்தப் பக்கம் கற்றை, அதாவது அலை குவிந்து போகும் பாதை, ஒடுங்கும். நிரை மேல்கீழாக நீண்டிருப்பதால் அலை வானத்துக்கும் கோபுரத்தின் அடிக்கும் வீணாகாமல், மெல்லிய தட்டுபோல ஊர்மீது பரவுகிறது. இடவலமாக அது அகன்றே இருக்கும்.

சதுரப் பெட்டியில் பல நிரைகள் பக்கம்பக்கமாக நிற்கின்றன. மேல்கீழும் ஒடுங்கும், இடவலமும் ஒடுங்கும். எந்தத் திசையில் எவ்வளவு அலை போகும் என்று மேல்கீழான நிரைக்கு ஒரு கணக்கும் இடவலமான வரிசைக்கு ஒரு கணக்கும் போட்டு இரண்டையும் பெருக்கினால் முழுப் பெட்டியின் கணக்கு வந்துவிடும். மலேசியாவில் 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவை பயன்படுத்தும் 3.5 ஜிகாஹெர்ட்ஸில் பாதி அலைநீளம் 4.3 சென்டிமீட்டர்தான். எட்டுக்கு எட்டாக 64 வைத்தாலும் ஒரு பக்கம் 35 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் அலையைச் சற்று முன்பின்னாகக் கொடுத்தால், பெட்டி அசையாமலே கற்றை உங்கள் லாரியைப் பின்தொடரும்.

நீங்கள் கடந்துபோகும் செம்பனையைப் பாருங்கள், கன்றுகளை முக்கோணமாக நட்டிருப்பார்கள். ராடார் தட்டுகளிலும் அப்படி நடுவது உண்டு. சதுரமாக அடுக்குவதைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவான ஆன்டெனாக்களில் அதே வேலை நடக்கும்.

கேள்வி: 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நான்கு ஆன்டெனா கொண்ட நிரை என் இறுதியாண்டுத் திட்டம். கம்பித்தடம் போட வசதியாக இருக்கட்டும் என்று 12.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். கற்றையை வலப்பக்கம் 30 பாகை திருப்பினால் இடப்பக்கம் 30 பாகையிலும் அதே அளவு இன்னொரு கற்றை வருகிறது. பிழை எங்கே?
(பொலிடெக்னிக் மாணவி, ஈப்போ)

பதில்: பிழை உன் கைவேலையில் இல்லை மகளே, இடைவெளியில் இருக்கிறது. 12.5 என்பது ஒரு முழு அலைநீளம். அந்த இடைவெளியில் 30 பாகை திருப்ப, அடுத்தடுத்த ஆன்டெனாவுக்கு அலையை 180 பாகை, அதாவது பாதி அலை, முந்திக் கொடுக்கிறாய். 180 முந்துவதும் 180 பிந்துவதும் ஒன்றேதான். வலமா இடமா என்று நிரைக்குத் தெரியவில்லை, இரண்டு பக்கமும் அனுப்பிவிடுகிறது. இடைவெளியை 6.25 சென்டிமீட்டராகப் பாதியாக்கு. அப்போது 30 பாகைக்கு 90 பாகைதான் தேவை, குழப்பம் வராது. இடம் நெருக்கடி என்று அரை அலையைத் தாண்டாதே. கம்பித்தடத்தை மின்சுற்றுப் பலகையின் பின்பக்கம் கொண்டுபோ.

நான்குக்கும் சம ஆற்றல் கொடுத்தால், நேர் முன்னால் பார்க்கும்போது கற்றை ஏறத்தாழ 26 பாகை அகலம் இருக்கும். பக்க மடல், அதாவது கற்றைக்குப் பக்கத்தில் வேண்டாத திசையில் கசியும் சிறு கற்றை, 11.3 டெசிபெல்தான் கீழே இருக்கும், அந்தக் கசிவு அதிகம். அலை வீச்சை 1, 3, 3, 1 என்று கொடுத்தால் பக்க மடலே இராது, ஆனால் கற்றை 35 பாகையாகப் பருத்துவிடும். நடுவழி, டால்ஃப் என்ற ஆய்வாளர் 1946-இல் காட்டிய, செபிஷேவ் என்ற கணிதமேதையின் பெயர் கொண்ட முறை: 1, 1.74, 1.74, 1. எல்லாப் பக்க மடலும் 20 டெசிபெல் கீழே, கற்றை 30 பாகை. நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

தாளில் வந்த எண் பலகையில் அப்படியே வராது. அருகருகே இருக்கும் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பாதிக்கும். ஓரத்து இரண்டுக்கும் ஒரு பக்கம்தான் அண்டை வீடு. தோட்டத்து ஓர மரம் வெளிச்சம் தேடி ஒருபக்கம் சாய்ந்து வளர்வதைப் பார்த்திருப்பாய். இரு ஓரத்திலும் அலை கொடுக்காத வெற்று ஆன்டெனா ஒவ்வொன்று வைத்து 50 ஓம் மின்தடையில் முடித்துவிடு. அதன்பிறகு திறந்த திடலில் அள. வகுப்பறைச் சுவர்கள் உன் பக்க மடலை மறைத்துவிடும்.