பின்பக்கச் சந்து – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பெரும்பாக்கம் குடியிருப்புல லிஃப்ட் ஓடாம ஏழு மாடி ஏறி இறங்குற பொம்பளைங்கள பத்தி நீங்க எழுதினத படிச்சேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க கஷ்டத்த யார் எழுதுவா? நான் திருவாரூர் பக்கம். 2014ல ஐடி வேலைக்கு வந்து, ரெண்டு வருஷம் கழிச்சு லோன் போட்டு மேடவாக்கம் தாண்டி ஒரு ஃப்ளாட் வாங்கினேன். இப்ப என் தம்பியும் இங்கயே வாங்கலாம்னு பார்த்தா டூ பெட்ரூம் 70 லட்சம் சொல்றாங்க, அவனால நினைச்சுக்கூட பார்க்க முடியல. அதே சமயம் சிட்டில இருந்து குடிசைக்காரங்கள கொண்டுவந்து இங்க போட்டதுனால ஏரியா பேரு கெட்டுப்போய் எங்க வீட்டுக்கு வேல்யூ ஏற மாட்டேங்குது. வட நாட்டுப் பசங்க கூட்டம் வேற. அவங்க எல்லாம் வந்து போற பின்பக்கச் சந்த சுவர் வச்சு அடைச்சிடலாம்னு அசோசியேஷன்ல பேசிட்டு இருக்காங்க. நானும் சரின்னுதான் சொல்லப் போறேன். தப்பா?

– ஒரு வாசகர், மேடவாக்கம் (பேரு போட வேண்டாம்னு கேட்டிருந்தார்)

அன்புள்ள தம்பிக்கு,

மனசுல இருந்தத மறைக்காம எழுதினதுக்கு முதல்ல நன்றி. நிறைய பேர் இத வீட்டுக்குள்ள பேசுவாங்க, எழுதிக் கேட்க மாட்டாங்க.

உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. 50 லட்சம் லோன், எட்டரை பர்சென்ட் வட்டி, 20 வருஷம்னு வச்சா மாசம் 43,000க்கு மேல இஎம்ஐ, கடைசில கணக்குப் பார்த்தா ஒரு கோடிக்கு மேல கட்டியிருப்பீங்க. முன்பணம் தனி, பத்திரப்பதிவு தனி. சென்ட்ரல் கவர்மென்ட் 2019ல ஜிஎஸ்டிக்காக 'சாமானியன் வாங்கக்கூடிய வீடு'ன்னு ஒரு கோடு போட்டாங்க, 45 லட்சம், நம்ம மாதிரி பெரிய ஊர்ல 60 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள்ள நாம புழங்குற தரை. அதுக்குள்ள இருந்தா வரி 1%, தாண்டினா 5%. மேடவாக்கத்துல இன்னிக்கு 45 லட்சத்துக்கு புது டூ பெட்ரூம் தேடிப் பாருங்க. சம்பாதிக்கிற உங்க தம்பியே அந்தக் கோட்டுக்கு வெளியில நிக்கிறார்.

ஆனா உங்க கடிதத்த நான் மூணு தடவ படிச்சேன். ஒரு வரில விலை ஏறிப்போச்சு, தம்பியால வாங்க முடியலன்னு வருத்தப்படுறீங்க, அடுத்த வரில விலை ஏற மாட்டேங்குதுன்னு வருத்தப்படுறீங்க. ரெண்டும் ஒரே ஏரியா, ஒரே மாதிரி ஃப்ளாட். உங்க வீடு நீங்க ஆசைப்படுற அளவுக்கு ஏறிச்சுன்னா உங்க தம்பி இன்னும் ரொம்ப தூரம் தள்ளி, கேளம்பாக்கம் தாண்டித்தான் போகணும். ஏழைங்க பக்கத்துல இருக்கக் கூடாது, அப்பத்தான் ரேட் ஏறும்னு நினைக்கிறோம்ல, அந்த ரேட்டுதான் நம்ம வீட்டுப் புள்ளைங்களையும் வெளிய தள்ளுது. இத உங்கள குத்திக் காட்ட சொல்லல தம்பி, வீடு வாங்கின எல்லாரையும் இது பிடிச்சுக்குது. நாம இருக்கிற வீட்ட சொத்தா மட்டும் பார்க்கப் பழகிட்டோம்.

அடுத்து அந்த 'கொண்டுவந்து போட்டவங்க'. நீங்களே அந்த வார்த்தையத்தான் எழுதியிருக்கீங்க, அது சரியான வார்த்தை, அவங்க யாரும் தானா வரல. கவர்மென்ட் இப்படி இடம் மாத்தினது 2000ல கண்ணகி நகர்ல ஆரம்பிச்சது, அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். கண்ணகி நகர்ல மட்டும் 15,000க்கு மேல வீடு, பெரும்பாக்கத்துல 20,000க்கு மேல, எல்லாம் சின்னச் சின்ன வீடு. கூவம் ஓரத்துலயும் அடையாறு ஓரத்துலயும் தலைமுறை தலைமுறையா இருந்தவங்கள லாரில ஏத்தி 25 கிலோமீட்டர் தள்ளி இறக்கினாங்க. எங்க வீட்டுல சமைக்கிற அக்கா சத்தியவாணி முத்து நகர்க்காரங்க, சென்ட்ரல் பக்கத்துல பூ வித்தவங்க. 2019 டிசம்பர்ல, புள்ளைங்களுக்கு ஸ்கூல் பாதி வருஷம் நடந்துட்டு இருக்கும்போது காலி பண்ணி இங்க அனுப்பினாங்க. மூத்த பொண்ணு அப்ப பத்தாவது, பரீட்சை வரைக்கும் பழைய ஸ்கூலுக்கே போகணும்னு விடிகாலைல கிளம்பும், போக வர பஸ்லயே நாலு மணி நேரம். அந்த அக்கா பூ வியாபாரத்த விடக்கூடாதுன்னு தினம் பஸ் ஏறிப் பார்த்தாங்க, வித்த காசுல பாதி டிக்கெட்டுக்கே போச்சு, அப்புறம் கொரோனா வந்து எல்லாம் நின்னுபோச்சு. 2021ல பொம்பளைங்களுக்கு சாதா பஸ்ல டிக்கெட் இல்லன்னு வந்தப்ப "இது ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா என் கடை இருந்திருக்கும்மா"ன்னு அவங்க சொன்னது எனக்கு இன்னும் காதுலயே இருக்கு. இப்ப மூணு வீட்டுல சமைக்கிறாங்க. நடந்து வர்றது உங்க பின்பக்கச் சந்து மாதிரி ஒரு சந்து வழியாத்தான்.

இவ்ளோ பேர ஒரே இடத்துல குவிச்சது தப்புன்னு நீங்க சொன்னா உங்க கூட நானும் சேர்ந்து சொல்றேன். 2008ல வந்த சென்னை ரெண்டாவது மாஸ்டர் பிளான்ல ஒரு விதி போட்டாங்க: ஒரு ஹெக்டேருக்கு மேல குடியிருப்பு கட்டுற பில்டர் அந்த நிலத்துல 10 சதவீதத்த ஒதுக்கி, வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடு கட்டணும், அதே இடத்துல இல்லன்னா ரெண்டு கிலோமீட்டருக்குள்ள. இது ஒழுங்கா நடந்திருந்தா ஏழைங்க வீடு அண்ணா நகர் பக்கமும் இருந்திருக்கும், போரூர்லயும் இருந்திருக்கும், ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) முழுக்க பரவி இருந்திருக்கும். பெரும்பாக்கத்துல மட்டும் அடுக்கி வைக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. நான் போய்ப் பார்த்த பெரிய புராஜெக்ட் எதுலயும் அப்படி ஒரு பிளாக்க பார்க்கல. கோவப்படணும்னா இதுக்குக் கோவப்படுங்க, என்கிட்ட நிறைய கோவம் இருக்கு.

பேரு கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க. கண்ணகி நகர்னு அட்ரஸ் சொன்னா வேலை கொடுக்க மாட்டாங்கன்னு சொந்தக்காரங்க வீட்டு அட்ரஸ் எழுதிக் கொடுத்த பசங்கள எனக்குத் தெரியும். அதே கண்ணகி நகர்ல இருந்து கார்த்திகான்னு ஒரு பொண்ணு 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய யூத் கேம்ஸ்ல கபடி தங்கம் ஜெயிச்ச டீம்ல வைஸ் கேப்டனா ஆடிட்டு வந்துச்சு, ஊரே மேளம் அடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. அன்னிக்கு டிவில கண்ணகி நகர் கண்ணகி நகர்னு சொன்னப்ப அந்த அக்கா எங்க கிச்சன்ல நின்னு அழுதாங்க.

வட நாட்டுப் பசங்க விஷயம். நீங்க குடியிருக்கிற பில்டிங்குக்கு சென்ட்ரிங் அடிச்சதும் டைல்ஸ் ஒட்டினதும் யாருன்னு நினைக்கிறீங்க? வேலை நடந்த வரைக்கும் தகர ஷெட்ல பத்துப் பத்துப் பேரா படுத்திருந்தாங்க. நம்ம தமிழ்நாட்டுல புள்ள பெத்துக்கிறது குறைஞ்சு ஒரு பொண்ணுக்கு சராசரி ஒன்றரைக்கும் கீழ வந்து நிக்குது, எங்க தெருவுல பாதி வீட்டுல புள்ளைங்க ஃபாரின்ல, பெரியவங்க மட்டும் தனியா இருக்காங்க. அவங்கள ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக இறங்கி வர்ற செக்யூரிட்டி ஒடிசா பையன். நீங்க திருவாரூர்ல இருந்து வந்தப்பயும் இங்க ஏரிப் பாசனத்துல நெல்லு போட்டுட்டு இருந்த பழைய மேடவாக்கத்துக்காரங்க 'யாரோ வெளியூர்க்காரங்க எல்லாம் வந்து நிறைஞ்சுட்டாங்க'ன்னுதான் பேசினாங்க, நான் என் காதால கேட்டிருக்கேன்.

2023 டிசம்பர்ல புயல் மழை வந்தப்ப உங்க பேஸ்மென்ட்டுல கார் மிதந்திருக்கும், பெரும்பாக்கம் பக்கம் கீழ்த்தள வீடுகள்லயும் தண்ணி புகுந்துச்சு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த சுத்தி எல்லாரும் கட்டி கட்டி மிச்சம் இருந்ததத்தான் 2022ல ராம்சார் இடம்னு, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அறிவிச்சாங்க. சந்துல சுவர் வச்சா தண்ணி போற வழியும் அடைச்சுப் போகும், இன்னும் மோசம். இத அசோசியேஷன்ல சொல்லுங்க, மனுஷங்கள பத்தி கேட்காதவங்ககூட இதக் கேட்பாங்க.

அதனால, தப்பான்னு கேட்டீங்கல்ல, தப்புதான் தம்பி. அந்த வழிய அடைச்சா உங்க பிளாக்குல வேலைக்கு வர்ற பொம்பளைங்க மெயின் ரோட்ட சுத்தி வரணும், காலைல அஞ்சரைக்கு, லைட் எரியாத ரோட்டுல. சுவருக்கு வசூல் பண்ற காச சந்துல ரெண்டு லைட் போடவும் மழைத்தண்ணி ஓடுற மாதிரி கால்வாய எடுத்து விடவும் செலவு பண்ணச் சொல்லுங்க. மீட்டிங் என்னிக்குன்னு எனக்கு எழுதுங்க, கூப்பிட்டா நானும் வரேன். அந்த அக்காகிட்ட சொன்னேன், அவங்களும் வரேன்னு சொல்லியிருக்காங்க, ஆனா சமையல் முடிஞ்சு வரணும்னா பதினோரு மணிக்கு மேலதான் முடியுமாம், அதுக்கேத்த மாதிரி டைம் வைங்க.

அன்புடன்,
அக்கா