மணல் மண்ணை எப்படி வகைப்படுத்தி வளத்தை அறிவது?

மண்ணில் மணல், வண்டல், களி மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் வகைப்படுத்தல். மணல் சுமார் 85 விழுக்காட்டைத் தாண்டினால் அது வெறும் மணல்.

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஈரமான மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டுங்கள். உருண்டையே பிடிக்கவில்லையா? மணல். உருண்டை நிற்கிறது, ஆனால் விரலால் நசுக்கித் தள்ளினால் நாடாவாக நீளவில்லை என்றால் களி கொஞ்சம் கலந்த மணல். 2.5 செ.மீ.க்குள் உடைகிற நாடா வந்தால் மணற்பாங்கான தோட்ட மண். வெண்டிக்காய்க்கு அதுவே தாராளம்.

வளம் ஏன் இதைப் பொறுத்தது? களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதன் பரப்பில் பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகள் ஒட்டிக்கொள்ளும். மணலில் அப்படி ஒட்ட இடமே குறைவு. கோலிக்குண்டு நிறைந்த வடிதட்டில் மைலோ பானத்தை ஊற்றிப் பாருங்கள், அதே கதைதான். மலேசியாவில் பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை மணலும், கோலாலம்பூரின் சுங்கை பீசி பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன மணலும் இந்த ரகம்.

சரி, உரத்தை அள்ளிப் போட்டால் மணல் வளமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம்ம ஊர் மாலை மழை ஒன்று போதும், அந்த உரத்தின் சத்தில் நிறைய வேருக்குக் கீழே இறங்கிவிடும்.