கைக்காசு வாங்கியாயிற்று, இனி போகத்தான் வேண்டுமா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் தோட்டத்து டிவிஷனிலேயே இருக்கும் ஒருவர், எங்களுக்கு மாமா முறை, ஓமானில் வீட்டு வேலை என்று சொல்லி பாஸ்போட் எடுத்துக் கொடுத்தார். பாஸ்போட் அவரிடமே இருக்கிறது. ஒன்றரை லட்சம் ரூபாய் கையில் தந்தார். சின்னப் பிள்ளை இருப்பதால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய விடமாட்டார்கள், விசிட் விசாவில் டுபாய் போய் அங்கிருந்து ஓமான் போகலாம் என்கிறார். தங்கைக்கு இப்போது பயம் வந்துவிட்டது. போகாவிட்டால் மூன்று லட்சம் கட்ட வேண்டுமாம், இல்லையென்றால் பொலிஸில் பிடித்துக் கொடுப்பாராம். வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?
வாசகி, பொகவந்தலாவை

பதில்: முதல் வேலை, தங்கை விமானம் ஏறாமல் இருப்பது. பணம், கையெழுத்து, மாமா முறை எல்லாவற்றையும் அதற்குப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். ஏறிவிட்டால் இங்கே நாம் எத்தனை கடிதம் எழுதினாலும் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்காகும்.

இனி உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் விஷயம். பொலிஸில் பிடித்துக் கொடுப்பாராமே, கொடுக்கட்டும் பார்ப்போம். கைமாற்றுக் கடனுக்காக ஒருவரை உள்ளே போடும் வேலை பொலிஸுக்கு இல்லை. (கணக்கில் காசில்லாமல் காசோலை எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை. தோட்டத்து லய வீடுகளில் யாரிடம் காசோலைப் புத்தகம் இருக்கிறது?) அவர் தந்தது ஒன்றரை, கேட்பது மூன்று. மிச்ச ஒன்றரை எந்தக் கணக்கில் வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். டிக்கட், விசா, மெடிக்கல் என்று அடுக்குவார். ரசீது கேளுங்கள், இருக்காது. அவர் வழக்குப் போடுவதென்றால், 'லைசன்ஸ் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் சேர்த்தேன், அதற்காகக் கொடுத்த காசு இது' என்று நீதிபதி முன்னால் சொல்ல வேண்டி வரும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை உண்டாக்கிய 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதுவே குற்றம். இத்தனை வருடத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு நீதிமன்றப் படியேறிய தரகர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

அதற்காக வாங்கிய காசைச் செலவழித்துவிட்டு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மிச்சம் இருப்பதை அப்படியே வையுங்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் தோட்டத்து ரோட்டில் வைத்துக் கையில் கொடுக்காமல், சாட்சி வைத்து எழுத்தில் கொடுங்கள்.

வெற்றுத் தாள் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. போன வருடம் மஸ்கெலியாப் பக்கமிருந்து வந்த ஒரு தாய் என் மேசையில் ஒரு போட்டோக் கொப்பியை விரித்தார். ஐந்து லட்சம் கடன் வாங்கியதாக மகள் எழுதிக் கொடுத்த பத்திரமாம். மேல் பாதியில் வரிகள் தாராளமாக இடம் விட்டு இருந்தன. கீழே வர வர நெருக்கம். கையெழுத்துக்கு மேலே கடைசி மூன்று வரியும் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் இருந்தன. கையெழுத்து முதலில் வந்தது, எழுத்து பிறகு வந்தது என்று சொல்ல நிபுணர் எவரும் தேவைப்படவில்லை. உங்கள் தங்கை தரும் முறைப்பாட்டில், எந்தத் தேதியில், யார் வீட்டில், யார் பார்த்துக்கொண்டிருக்க அந்தத் தாளில் கையெழுத்து வைத்தாள், முத்திரை ஒட்டியிருந்ததா என்பதெல்லாம் இன்றே பதிவாகட்டும். நாளைக்கு அந்தத் தாள் நிரம்பி வந்தாலும் முறைப்பாடு அதற்கு முந்திய தேதியில் இருக்கும்.

கைக்காசைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அதைச் சீதனம் வந்தது போல வாங்கி வைக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2021 மார்ச் வரை தொண்டை கிழியக் கத்தியவர்கள் நாம். ஒன்றரை லட்சம் என்றால் அந்தக் கணக்கில் நூற்றைம்பது முழுப் பேர், அதாவது நூற்றைம்பது நாள் வேலை. யாருக்குத்தான் கை நீளாது? லைசன்ஸ் உள்ள ஏஜென்சிகளும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கைக்காசு கொடுக்கத்தான் செய்கின்றன. அது ஏஜென்சிக்காரரின் தயவு என்று நினைக்காதீர்கள். அரபு வீட்டுக்காரர் ஆளுக்கென்று கட்டும் பெருந்தொகையில் கிள்ளிக் கொடுப்பது அது. அங்கே போய் 'முடியவில்லை, ஊருக்கு அனுப்புங்கள்' என்று அழும்போது அந்தப் பெருந்தொகையைத் திருப்பிக் கட்டு என்பார்கள். நம் பாட்டன்மாருக்கு இது தெரியும். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார். கடன் துண்டில், அதாவது தோட்டம் கொடுக்கும் விடுவிப்புச் சீட்டில், ஏறும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதியமாட்டார்கள், கடனைக் கட்டினால்தான் துண்டு கிடைக்கும். அந்தத் துண்டு முறையை 1921 இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உங்கள் மாமா முறைக்காரர் பாஸ்போட்டை வைத்துக்கொண்டு அதையேதான் செய்கிறார். பாஸ்போட்டை வைத்திருக்க அவருக்கு எள்ளளவும் உரிமை கிடையாது.

அடுத்தது பிள்ளை விஷயம். இதுதான் அவர் சொன்னதில் பெரிய பொய், ஆனால் பாதி உண்மையில் நட்ட பொய். குடும்பப் பின்னணி அறிக்கை என்று 2013 இல் ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்குக் கதவடைப்பு. பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் சொன்னார்கள். கொழும்பில் இருந்து சட்டம் எழுதுகிறவர்களுக்கு, அடுப்பு எரியாத வீட்டுத் தாய் எப்படியும் போவாள் என்பது தெரியவில்லை. பதிந்து போக வேண்டியவள் விசிட் விசாவில் போனாள். தரகர்களுக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. பிறகு 2022 இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். உங்கள் தங்கைக்கு 24, பிள்ளைக்கு 3. பிள்ளையை யார் பார்ப்பது என்று காட்டினால் முறையாகப் பதியலாம். தரகர் காட்டும் மதில் இடிந்து வருடங்களாயிற்று, அதைச் சொல்ல ஒரு உத்தியோகத்தரும் லயத்துப் பக்கம் வரவில்லை.

'செல்ஃப்' என்ற சொல்லையும் அவர் எடுப்பார், கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்சி இல்லாமல் நேரடியாக வேலை கிடைத்துப் போவதைத்தான் அப்படிச் சொல்வது. உதாரணமாக, குவைத்தில் பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் ஒரு சின்னம்மா, தன் எசமானின் அண்ணன் வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டு வேலை விசா அனுப்புகிறார். இது நடக்கிற காரியம், சட்டப்படியான காரியம், தரகருக்கு ஒரு சதம் போக வேண்டியதில்லை. ஆனால் செல்ஃபில் போகிறவர்களும் பணியகத்தில் பதிந்துதான் போக வேண்டும். விசாவில் வேலை என்று இருக்க வேண்டும், விசிட் என்று இருக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் எசமானின் பெயர், சம்பளம், வேலை, ஊர் இருக்க வேண்டும், அந்த நாட்டிலுள்ள நம் தூதரகம் அதை அத்தாட்சிப்படுத்தியிருக்க வேண்டும். சம்பளம் கையால் அடித்துத் திருத்தப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். சின்னம்மாவோடு நீங்களே போனில் பேச வேண்டும், தரகர் போனில் போட்டுக் கொடுக்கும் சின்னம்மாவோடு அல்ல. 'பதிவு வேண்டாம், செல்ஃப்தானே' என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

விசிட் விசாவில் இறங்கினால் என்ன நடக்கும்? கட்டுநாயக்கவில் 'அக்காவைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லச் சொல்லிக் கொடுப்பார்கள். டுபாயில் இறங்கியதும் ஒரு 'ஒபிஸ்'. அங்கே போன் பறிபோகும், பெண்களை வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள், வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து எடுப்பார்கள். எல்லை கடத்தி ஓமானுக்குக் கொண்டுபோவதும் அப்படித்தான். விசா நாள் முடிந்ததும் அவளே சட்டத்துக்குப் புறம்பானவளாகிவிடுவாள். அடிபட்டு வெளியே ஓடினால் முதலில் கேட்பது அவளுடைய விசாவைத்தான். 2022 நவம்பரில், நம் பெண்களை இப்படி ஓமானுக்குக் கடத்திய விவகாரம் வெடித்து, அங்குள்ள நம் தூதரகத்தில் வேலை பார்த்த ஒருவரே கைதானது உங்களுக்கு நினைவிருக்கலாம். பையன்களுக்கும் இதே வலைதான், அங்கே தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்பார்கள், மியன்மாரின் மியாவாடியில் மோசடி முகாமில் கொண்டுபோய் விடுவார்கள்.

முறைப்பாட்டுக்கு வருகிறேன். 'நீ ஆசைப்பட்டுத்தானே கையெழுத்து வைத்தாய்' என்று கேட்பார்கள். தலை குனிய வேண்டாம். தண்டனைச் சட்டக் கோவையின் 360இ பிரிவு, 2006 திருத்தத்தின்படி, ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தியோ கட்டாய வேலைக்கு ஆள் சேர்ப்பதையே குற்றம் என்கிறது. ஆள் விமானம் ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வருடத்திலிருந்து இருபது வருடம் வரை தண்டனை. கட்டாய உழைப்பை அடையாளம் காண சர்வதேச தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகள் சொல்கிறது. பொய் சொல்லிச் சேர்த்தல், பாஸ்போட்டைப் பிடித்து வைத்தல், கடனில் கட்டுதல், மிரட்டுதல் என்று அதில் நான்கு உங்கள் அரைப் பக்கக் கடிதத்திலேயே இருக்கின்றன. உலகத்தில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருப்பதாக அதே அமைப்பு 2021 ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொன்னது. அவர்களில் பலருக்கும் தொடக்கம் இப்படித் தெரிந்த ஒருவர் வீட்டுத் திண்ணைக்கு வந்ததுதான்.

சட்டம் இவ்வளவு சொல்லியும் பொலிஸ் நிலையத்தில் என்ன எழுதுவார்கள் தெரியுமா? 'பணக் கொடுக்கல் வாங்கல் பிரச்சினை.' இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசி, தோட்டத் தலைவரைக் கையெழுத்து வைக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதனால் போவதற்கு முன் 1989 என்ற பணியகத்தின் எண்ணுக்கு அழைத்து, லைசன்ஸ் இல்லாதவர் ஆள் சேர்க்கிறார் என்று சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் எழுத்தில் கொடுங்கள். பொலிஸில் 'ஆட்கடத்தல்' என்ற சொல்லை உங்கள் வாயால் சொல்லுங்கள். இழுத்தடித்தால், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது, பதிவுத் தபாலில் ஒரு பிரதி அங்கே போகட்டும்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் லீவு என்பார்கள், அந்தத் தமிழ் தெரிந்தவர் எப்போது போனாலும் லீவுதான். சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டும்வரை தங்கை கையெழுத்து வைக்க வேண்டாம். ஏற்கெனவே புரியாத ஒரு தாளில் வைத்துத்தான் இவ்வளவும்.

அந்த மாமா முறைக்காரர் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்களில் ஒன்றையும் அழிக்காதீர்கள். தங்கையின் போனிலிருந்து உங்கள் போனுக்கும் இன்றைக்கே அனுப்பி வையுங்கள். பாஸ்போட்டைத் திருப்பித் தருகிறேன், தனியாக வந்து வாங்கிக்கொள் என்று கூப்பிட்டால் அவளை அனுப்ப வேண்டாம், பொலிஸ் நிலையத்தில் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லுங்கள்.