தோழிகளுக்கு ஒரே மாதிரி கவுன் அவசியமா?

கல்யாணத்தில் மணப்பெண் தோழிகளாக உங்களோடு நிற்க ஐந்து தோழிகள், ஐந்து உடல்வாகு, கையில் பணமோ குறைவு, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கவுன் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரி வேண்டாமே! நிறத்தையும் நீளத்தையும் நீங்கள் சொல்லுங்கள், மாடல் அவரவர் விருப்பம். ஆனால் துணி வகை ஒன்றாக இருக்கட்டும். ஒரே நீலம் சாட்டினில் பளபளக்கும், ஷிஃபானில் மங்கலாக இருக்கும். போட்டோவில் இரண்டு நிறமாகத் தெரியும். என் தங்கை கல்யாணத்தில் இரண்டு தடவையாக வாங்கினோம், சாயம் லேசாக மாறி வந்தது. அவள் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் மொத்தமாக ஒரே நேரத்தில் வாங்குங்கள்.

அப்புறம், ஆல்ட்டர் செய்யும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அளவில் சந்தேகம் வந்தால் பெரியதையே எடுங்கள். பிடித்துத் தைப்பது சுலபம். வாடகைக்கும் விசாரியுங்கள். யார் பணம் கொடுப்பது என்பதை மட்டும் இன்றைக்கே தோழிகளிடம் பேசிவிடுங்கள்.