இரவுச் சாப்பாட்டை விட்டேன், விடியற்காலையில் வியர்க்கிறது

கேள்வி: எனக்கு வயது 61. உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சேர்ந்த மாத்திரை போடுகிறேன். சாப்பாட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மூன்று வாரமாக மதியம் பாதிச் சாப்பாடு, இரவு எதுவும் இல்லை. எடை 3 கிலோ குறைந்தது. ஆனால் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்குகிறது. மனைவி திட்டுகிறார். தொடரலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, இன்று இரவு கட்டாயம் சாப்பிடுங்கள். ஆயுளைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொல்லும் வியர்வையும் நடுக்கமும் பெரும்பாலும் தாழ்சர்க்கரையின் அறிகுறி. மெட்ஃபார்மின் தனியாக இதைச் செய்வது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். வெறும் வயிற்றோடு அந்த மாத்திரையைப் போட்டுப் படுத்தால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். மறுபடி நடுக்கம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். குழப்பமோ மயக்கமோ வந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். இதை உங்கள் மனைவிக்கும் சொல்லி வையுங்கள். அவர் திட்டியதில் நியாயம் இருக்கிறது.

சரி, ஆயுள் விஷயம். 1935-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே குழுவினர், குறைவாகத் தீனி தின்ற எலிகள் அதிக நாள் வாழ்வதைக் காட்டினார்கள். ரீசஸ் குரங்குகளில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நல்ல பலன். அதே நாட்டின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் ஆயுள் கூடவில்லை. காரணங்களில் ஒன்றை நான் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன்: விஸ்கான்சினில் ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகள் சர்க்கரை மிகுந்த தீனியை இஷ்டத்துக்குத் தின்றவை, மற்ற இடத்தில் ஓரளவு அளவோடு தின்றவை. அதாவது, பலனில் பெரும்பகுதி மிகுதியை நிறுத்துவதில் இருக்கிறது. பட்டினியில் இல்லை.

மனிதர்களில் நடந்த ‘காலரி’ (CALERIE) என்ற ஆய்வில், பருமன் இல்லாத ஆரோக்கியமானவர்களை இரண்டு வருடம் கலோரியை 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். அவர்களால் முடிந்தது சுமார் 12 சதவீதம்தான். அதற்கே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின. கூடவே எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்தது. 61 வயதில் அது எனக்குக் கவலை தரும் விஷயம்.

உங்களுக்குப் பொருந்துவது பிரிட்டனில் நடந்த ‘டைரெக்ட்’ (DiRECT) என்ற ஆய்வு. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் ஒரு நாளைக்கு சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயிலிருந்து மீண்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பாட்டைக் குறைத்த முதல் நாளே அவர்களுடைய சர்க்கரை மாத்திரைகளை மருத்துவர்களே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்ந்தீர்கள்.

ஆகவே எடையைக் குறைக்கும் உங்கள் முடிவு நல்லது, வழிதான் தப்பு. நாளைக்கே உங்கள் மருத்துவரைப் பார்த்து மாத்திரை அளவை மாற்றச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பிறகு மூன்று வேளையும் சாப்பிடுங்கள். மதியம் இரண்டு கப் சோறு என்றால் ஒரு கப் ஆக்கி, அந்த இடத்தில் கீரையும் அவரைக்காயும் வையுங்கள். ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி. தாளிக்கும்போது எண்ணெய்ப் பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் ஸ்பூனில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. முட்டை, மீன், சுண்டல், மோர் இவற்றைக் குறைக்காதீர்கள். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், தினமும் இரண்டு வேளை.

மருத்துவரிடம் போகும்போது விடியற்காலைச் சர்க்கரை அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.