எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: முறுக்குச் சுட வைத்திருந்த எண்ணெய் தீப்பற்றியதும் பதற்றத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன், தீ கூரைவரை எழுந்தது. ஏன் அணையவில்லை?

பதில்: தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், முறுக்கு வேகும் எண்ணெயே 180 டிகிரியை ஒட்டியிருக்கும், தானாகத் தீப்பற்றிய எண்ணெயோ 350 டிகிரியையும் தாண்டியிருக்கும். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஏறக்குறைய 1,700 மடங்கு பருத்து நீராவியாகும்போது எண்ணெயைத் துளித்துளியாக மேலே வாரி இறைக்கிறது. அத்துளிகள் காற்றோடு கலந்து எரிந்ததையே நீங்கள் கண்டீர்கள்.

கைக்கு எட்டினால் அடுப்பை அணைத்து, வாணலியைவிடப் பெரிய உலோகத் தட்டால் மூடி, நன்கு ஆறும்வரை திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் மறுபடியும் பற்றும். வாணலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவது (பலரும் செய்வதுதான்) தண்ணீர் ஊற்றுவதற்குச் சற்றும் குறையாத ஆபத்து. தீ அடுப்பைத் தாண்டிவிட்டால் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.