இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பில் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பிடிபடுமா?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டிசைனில் ஆர்வம் இல்லை. புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போகலாமா என்று யோசனை. விடுமுறையில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தால் இந்த வேலை எனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடுமா? எங்கே, எப்படிக் கேட்பது? ஒரு பயிற்சி மையம் இப்போதே பி.எம்.பி. கோர்ஸில் சேரச் சொல்கிறது. சேரலாமா?

பதில்: கடைசிக் கேள்வியில் பணம் சம்பந்தப்பட்டிருப்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். இப்போது பி.எம்.பி. எனப்படும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவின் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் நடத்தும் அந்தத் தேர்வை எழுத, நான்காண்டுப் பட்டம் பெற்றவருக்கு 36 மாதம் திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் வேண்டும். வகுப்பை மட்டும் முடித்துவைத்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே அமைப்பு புதியவர்களுக்காக நடத்தும் சி.ஏ.பி.எம். தேர்வுக்கு அனுபவம் கேட்பதில்லை. பிளஸ் டூவும் 23 மணி நேர வகுப்பும் போதும். அதைக்கூட இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகு யோசிக்கலாம்.

இரண்டு மாதத்தில் தெரிந்துவிடுமா என்றால், தெரியும். ஆனால் உங்களை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. கட்டுமானத்தில் யாரும் நேராகப் புராஜெக்ட் மேனேஜர் ஆவதில்லை. சைட் இன்ஜினியராகவோ பில்லிங்கிலோ பிளானிங்கிலோ சில வருடம் ஊறித்தான் அங்கே போகிறார்கள். இந்த மூன்றில், வேலை அட்டவணை போட்டுக் கண்காணிக்கும் பிளானிங் அறைக்குத்தான் எல்லா விஷயமும் வந்து சேரும். அதனால் இன்டர்ன்ஷிப் கேட்கும்போதே பிளானிங் இன்ஜினியரோடு வேலை செய்ய விரும்புவதாகச் சொல்லிக் கேளுங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று ஒரு தளத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு தளத்துக்கு 12 டன் கம்பி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்பி கட்டுபவர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 250 கிலோ கட்டுவார்கள் என்று கணக்குப் போட்டு, 8 ஜோடிக்கு 6 நாள் என அட்டவணையில் ஏற்றியிருப்பார்கள். காலையில் சைட்டில் போய் எண்ணினால் 5 ஜோடிதான் நிற்கும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 1,250 கிலோதான். 6 நாள் வேலை கிட்டத்தட்ட 10 நாளாகிவிடும். கம்பி முடியாமல் எலக்ட்ரிக்கல் ஆட்கள் பைப் பதித்து முடிக்க முடியாது. பைப் முடியாமல் கன்சல்டன்ட் செக்கிங்குக்கு வரமாட்டார். செக்கிங் இல்லாமல் கான்கிரீட் கிடையாது. கான்கிரீட் தள்ளிப்போனால் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிப்பதும் தள்ளிப்போகும், ஏனென்றால் தாங்கும் இடைவெளி (ஸ்பான்) 4.5 மீட்டருக்கு மேல் உள்ள ஸ்லாபுக்கு 14 நாள் கழித்தே முட்டு எடுக்கலாம் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அந்த முட்டையும் பலகையையும் நம்பி மேல்தளம் காத்திருக்கும்.

மூன்று ஜோடி ஆள் வராத சேதி மேல்தளம் வரை எப்படிப் போய்ச் சேரும் என்பதை அன்று காலையிலேயே பார்த்துச் சொல்வதுதான் இந்த வேலை. அதன் பிறகு சப்-கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, 'நாளைக்கு அனுப்பிடறேன் சார்' என்ற பதிலை அப்படியே நம்பிவிடாமல், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிவைத்து, மறுநாள் போய் எண்ணிப் பார்க்க வேண்டும். மென்பொருளில் கோடு இழுப்பது இதில் சின்னப் பகுதி. ஆட்களைப் பின்தொடர்ந்து கேட்பதும், முகம் கோணாமல் திரும்பத் திரும்பக் கேட்பதும், கேட்டதை எழுதிவைப்பதும் உங்களுக்குப் பிடிக்கிறதா, சலிப்புத் தட்டுகிறதா என்று பாருங்கள். இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது முக்கியமாக அதுதான்.

அதற்கு நல்ல வழி, டி.பி.ஆர். எனப்படும் தினசரி முன்னேற்ற அறிக்கையை எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது. யாரும் விரும்பாத வேலை என்பதால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். 'சென்ட்ரிங் 80 சதவீதம் முடிந்தது' என்று மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதாமல், டேப்பை எடுத்துக்கொண்டு போய் எத்தனை சதுர மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். மீதி 20 சதவீதத்தில் படிக்கட்டும் பீம் ஓரங்களும் இருக்கும். நாட்களை விழுங்குவது அந்த இடங்கள்தான். வாராந்திரக் கூட்டத்தில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். எந்தத் தாமதத்துக்குப் புராஜெக்ட் மேனேஜர் பதறுகிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கவனியுங்கள். பூச்சு வேலை பத்து நாள் தள்ளினாலும் பேசாமல் இருப்பவர், லிஃப்ட் சுவர் இரண்டு நாள் தள்ளினால் குரலை உயர்த்துவார். பாடப்புத்தகத்தில் படித்த கிரிட்டிக்கல் பாத்தும் (தள்ளினால் மொத்தத் திட்டத்தையும் தள்ளிவிடும் வேலைகளின் வரிசை) ஃப்ளோட்டும் (முடிவுத் தேதி மாறாமல் ஒரு வேலை தள்ளிப்போகக்கூடிய அவகாசம்) அங்கே உயிரோடு தெரியும்.

எங்கே கேட்பது? பெரிய கான்ட்ராக்டர்களின் சைட், உரிமையாளர் தரப்பில் மேற்பார்வை பார்க்கும் பி.எம்.சி. நிறுவனங்கள், கோவை, சென்னையில் அடுக்குமாடி கட்டும் நடுத்தர பில்டர்கள் என மூன்று இடம் உண்டு. முதல்முறைக்கு நான் நடுத்தர பில்டரைத்தான் சொல்வேன். ஆள் குறைவு என்பதால் உங்கள் கைக்கும் வேலை வரும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் போல 118.9 கிலோமீட்டர் வேலையில் சேர்ந்தால் பெயர் பெரிதுதான். ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு நிலையத்தின் ஒரு மூலையைத்தான் பார்ப்பீர்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். கூடவே உங்கள் கல்லூரி சீனியர்கள் வேலை பார்க்கும் சைட்டுகளின் பிளானிங் இன்ஜினியருக்கு நேராகவே எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எதுவரை வருவீர்கள், எக்செல் எவ்வளவு தெரியும், டிராயிங் படிக்க வருமா என்று நாலு வரி போதும்.

அந்த மெயிலோடு ஒன்றை இணைத்து அனுப்புங்கள். உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரை ஒரு முப்பது வேலைகளாகப் பிரித்து, எது முடிந்தால் எது தொடங்கும் என்று அந்த மேஸ்திரியிடமே கேட்டு ஒரு அட்டவணை போடுங்கள். அட்டவணை போடும் மென்பொருளான புராஜெக்ட்லிப்ரே இலவசமாகவே கிடைக்கிறது, எக்செல்லும் போதும். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் பிரைமவேரா மென்பொருள் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதை சைட்டில் பழகிக்கொள்ளலாம்.

இன்டர்ன்ஷிப்புக்கு உங்களிடமே பணம் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். சேரும் முன் யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும், ஹெல்மெட், ஷூ, பாதுகாப்புப் பயிற்சி தருவார்களா, விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். முடித்துவிட்டுக் கிளம்பும்போது, 'இன்டர்ன்ஷிப் முடித்தார்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழோடு நிறுத்திவிடாமல், எந்தெந்தத் தளத்தின் முன்னேற்றத்தை அளந்து பதிவு செய்தீர்கள் என்பதையும் அதில் சேர்த்து எழுதித் தரச்சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த நேர்காணலில் அந்த வரியிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள்.